தகவல் தந்தவர்: தாய்

எங்கள் பல்கலைக்கழகத்தின் செவிலியர் கல்லூரி மாதந்தோறும் நான்கு பக்கத்தில் ஒரு செய்தி மடல் வெளியிடுகிறது. அதை எழுதுவது மூன்று வருடமாக என் வேலை. நானாகக் கேட்டு வாங்கியது இல்லை. ஒரு கூட்டத்தில் 'யார் எழுதுகிறீர்கள்?' என்று கேட்டபோது மற்ற எல்லோரும் குனிந்து பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தார்கள். நான் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

மடலின் நடை இப்போது எனக்குக் கைவந்துவிட்டது. எந்த நிகழ்ச்சியாக இருந்தாலும் 'இனிதே நிறைவுற்றது' என்று முடிக்க வேண்டும். கைகழுவும் முறை பற்றிய விழிப்புணர்வு முகாமில் குழாயில் தண்ணீர் வரவில்லை; முகாம் இனிதே நிறைவுற்றது. ரத்ததான முகாமைத் தொடங்கிவைக்க வந்தவர் முதல் ஊசியைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து சரிந்தார். அதுவும் இனிதே நிறைவுற்றது. அதே வரிசையில் போன வருடம் ஒரு மடலின் மூன்றாம் பக்கத்தில், 'குழந்தைகள் நலப் பிரிவின் செய்முறைத் தேர்வு இனிதே நிறைவுற்றது' என்று ஒரு வரி எழுதினேன். மடலில் அதற்கு மேல் இடமில்லை. இருந்திருந்தாலும் எழுதியிருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

அந்தப் பிரிவில் நான் டியூட்டர். குழந்தையின் வளர்ச்சி பற்றிய பாடம் என்னுடையது. எத்தனை மாதத்தில் தலை நிற்கும், எப்போது உட்காரும், எப்போது நடக்கும், எந்த வயதில் எத்தனை சொல் பேசும் என்று பலகையில் அட்டவணை போட்டுச் சொல்லித்தருவேன். அந்த அட்டவணையை மனப்பாடமாக வைத்திருப்பவளுக்கு ஒரு குழந்தையும் பிறந்துவிட்டால் அவளுக்கு நிம்மதி என்று ஒன்று கிடையாது.

எங்கள் மாணவிகள் ஒவ்வொருவரும் நலமாக இருக்கும் ஒரு சின்னக் குழந்தையைத் தலை முதல் பாதம் வரை பரிசோதித்து ரெக்கார்டு எழுத வேண்டும். நலமான குழந்தை கிடைப்பதுதான் பெரிய பாடு. வார்டில் இருக்கிற குழந்தைகள் எல்லாம் உடம்பு சரியில்லாமல் வந்தவர்கள். கிராமத்துக்குப் போனால், வெள்ளைக் கோட்டைக் கண்டதுமே தடுப்பூசி என்று நினைத்துக் குழந்தைகள் மரவள்ளிக் காட்டுக்குள் ஓடிவிடுவார்கள். போன வருடம் என் குழுவில் பதினொரு மாணவிகள். ரெக்கார்டு முடிக்க வேண்டிய தேதி நெருங்கியும் ஒருத்திக்கும் குழந்தை கிடைக்கவில்லை.

என் மகளுக்கு அப்போது ஒரு வயது பத்து மாதம். கல்லூரிக் கட்டடத்துக்குப் பின்னாலேயே ஊழியர்களின் குழந்தைகளுக்கான காப்பகம் இருக்கிறது. தினமும் காலையில் அயோத்தியாப்பட்டணத்தில் அவளோடு கல்லூரிப் பேருந்தில் ஏறி, காப்பகத்தில் விட்டுவிட்டு வகுப்புக்குப் போவேன். ஒரு நாள் ஒரு மாணவி அழாத குறையாக வந்து நின்றபோது, "எம் பொண்ணைப் பாரும்மா, ஒன்னும் பிரச்சினை இல்ல" என்று சொல்லிவிட்டேன். மறுநாள் அவள் தோழி வந்தாள். ஒருத்திக்குக் கொடுத்துவிட்டு இன்னொருத்திக்கு இல்லை என்றால் பாரபட்சம் ஆகிவிடாதா? இரண்டு வாரத்தில் பதினொரு பேருக்கும் என் மகள்தான் கேஸ்.

பெற்றோரின் சம்மதம் எழுத்தில் இல்லாமல் குழந்தையைத் தொடக்கூடாது என்பது விதி. அதைச் சொல்லிக்கொடுத்ததும் நானே. ஆகவே ஒவ்வொரு ரெக்கார்டின் முதல் பக்கத்திலும் மேலே 'தாய்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். அதே பக்கத்தின் கீழே 'சரிபார்த்த ஆசிரியை' என்ற இடத்தில், திருத்தி முடித்ததும் போட வேண்டியதும் என் கையெழுத்துதான். தாயின் கையெழுத்தை மட்டும் கொஞ்சம் சாய்த்துப் போடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். அது மோசடி ஆகிவிடும் என்று தோன்றியதால் நேராகவே போட்டேன்.

அதே பக்கத்தில் இன்னும் இரண்டு கட்டங்கள் உண்டு. ஒன்று, 'தகவல் தந்தவர்'. அடுத்தது, 'அவரது நம்பகத்தன்மை'. "அம்மாக்கள் பெருமைக்குக் கூட்டிச் சொல்லுவாங்க, பயத்துல மறைச்சும் சொல்லுவாங்க. அவங்க சொல்றதை எவ்வளவு நம்பலாம்னு நீங்களே முடிவு பண்ணி எழுதணும்" என்று வகுப்பில் வருடா வருடம் சொல்வேன். பத்துப் பேர் எழுதியிருந்தார்கள்: 'தகவல் தந்தவர்: தாய். நம்பகத்தன்மை: மிக நன்று.' மதிப்பெண் போடப்போகிறவளைப் பற்றி வேறு எப்படித்தான் எழுதுவார்கள்?

நான் ஒன்றை மறைத்துக்கொண்டிருந்தேன். என் மகள் சரியாகப் பேசவில்லை.

இரண்டு வயதை நெருங்கும் குழந்தை ஐம்பது சொல்லாவது பேச வேண்டும், இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்கிறது அட்டவணை. என் நாட்குறிப்பின் கடைசிப் பக்கத்தில் அவள் பேசும் சொற்களின் பட்டியல் ஒன்று வைத்திருந்தேன். அம்மா. பா, அதாவது பால். காக்கா. வேணாம். ஐந்தாவதாக நாயைக் கண்டால் 'ஊ' என்பாள். அதைச் சொல் என்று கணக்கில் எடுக்கலாமா, ஒலி என்று தள்ளவேண்டுமா என்று எனக்கு முடிவு தெரியவில்லை. பென்சிலால் எழுதி, அழித்து, திரும்ப எழுதி, அந்த இடத்தில் தாள் மெலிந்துபோயிருந்தது.

என் கணவர் திருச்செங்கோட்டுக்காரர். போர்வெல் ரிக் வண்டிகளுக்கு உதிரிபாகம் விற்கும் கடையில் மேலாளர். எதற்கும் பதறமாட்டார், அதுவே எனக்குப் பதற்றமாக இருக்கும்.

"எங்க பெரியப்பா மூணு வயசு வரைக்கும் வாயே தொறக்கலையாமா" என்றார். "இப்ப ரிக்குக்கு ஏஜெண்ட். மூணு போன் வெச்சிருக்கறாரு. சார்ஜ் தீந்தாத்தான் நிறுத்துவாரு."

காப்பகத்து ஆயாம்மாவிடம் கேட்டேன். அவரும் அந்தப் பக்கத்து ஊர்க்காரர்தான். "ஏனுங்க மேடம், நல்லாத்தான் பேசறா. ஓயாத வாயுங்க" என்றார். எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஆனால் அதே நேரத்தில் வாசலுக்கு வந்த கணக்குப் பிரிவு அம்மாவிடமும், "உங்க பையனுங்களா? ஓயாத வாயுங்க" என்றார். அந்தப் பையனுக்கு ஏழு மாதம்.

ரெக்கார்டுகள் திருத்த வந்தன. முதல் ரெக்கார்டைத் திறந்தேன். குழந்தை இருநூறு சொற்கள் பேசுகிறாள், தன் பெயரையும் ஊரையும் சொல்கிறாள், இசைக்கு ஏற்ப ஆடுகிறாள். இரண்டாவதில் மாறி மாறிக் கால் வைத்து மாடிப்படி ஏறுகிறாள். மூன்றாவதில் இருபது பல். நாலாவதில் பன்னிரண்டு. ஐந்தாவதில், அதுவரை 'அவள்' என்றிருந்த என் மகள் மூன்றாம் பக்கத்தில் திடீரென்று 'அவன்' ஆகி, மூன்று சக்கர சைக்கிள் ஓட்டினான். எங்கள் வீட்டில் சைக்கிளே கிடையாது. முந்தைய வருடத்து அக்காக்களின் ரெக்கார்டு விடுதியில் பரம்பரைச் சொத்து மாதிரி கைமாறும் என்று எனக்குத் தெரியும். நானும் மாணவியாக இருந்து வந்தவள்தானே.

வழக்கமாக இப்படி எழுதினால் திருப்பிக் கொடுத்துவிடுவேன். இந்த முறை ஒவ்வொன்றையும் இரண்டு தடவை படித்தேன். பொய் என்று தெரிந்தேதான் படித்தேன். இருநூறு சொல் பேசும், ஊரைச் சொல்லும், ஆடும் பெண். படிக்கப் படிக்க மனதுக்கு இதமாக இருந்தது. 'அவன்' என்று இருந்ததை மட்டும் சிவப்பு மையால் 'அவள்' என்று திருத்திவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

பதினொன்றாவது ரெக்கார்டு ஆத்தூரிலிருந்து வரும் மாணவியுடையது. வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்வாள், கேட்டால் ஒழியப் பேசமாட்டாள். அவள் ரெக்கார்டில் பல் பதினாறு இருந்தது; சரி. எடை பத்து கிலோ நானூறு; சரி. எங்கள் வீட்டு எடைப் பலகையில் நானே வாரம் இரண்டு முறை பார்க்கும் எடை அதுதான். பக்கத்தைத் திருப்பினேன். 'பேச்சு: ஐந்து சொற்கள் கேட்டேன். வயதுக்குக் குறைவு. தொடர்ந்து கவனிக்க வேண்டும்.'

ஐந்து. நாயையும் சேர்த்திருக்கிறாள்.

முதல் பக்கத்துக்குப் போனேன். 'தகவல் தந்தவர்: தாய். நம்பகத்தன்மை: ஓரளவு.'

சிவப்பு மையை எடுத்து, 'மீண்டும் கவனித்து எழுதவும்' என்று எழுதி, அடியில் கோடும் போட்டேன். கோடு தேவையில்லாமல் இரண்டாகிவிட்டது.

சனிக்கிழமை அவள் ஊருக்குப் போகும் வழியில் அயோத்தியாப்பட்டணத்தில் இறங்கி எங்கள் வீட்டுக்கு வந்தாள். திரும்பக் கவனி என்றால் திரும்பக் கவனிக்கத்தான் வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். அவள் நினைத்ததில் தப்பு இல்லை. தோளில் பை; பைக்குள் அளவு நாடா, டார்ச், சிவப்பு மரக்கட்டைகள், மணி, படம் போட்ட அட்டைகள்.

அவளைக் கண்டதும் என் மகள் தானாகப் போய்ப் பாயில் உட்கார்ந்தாள். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

"பாப்பா, இது என்ன?" என்று மாணவி பந்துப் படத்தைக் காட்டினாள்.

"பந்து. சொல்லு கண்ணு, பந்து" என்றேன்.

அவள் பூ படத்தைக் காட்டினாள். "இது என்ன?"

"அது அவளுக்குத் தெரியும்மா. பூ. நேத்துக்கூடச் சொன்னா. சொன்ன மாதிரிதான் இருந்துச்சு."

மாணவி தலையாட்டிவிட்டு எதையோ குறித்துக்கொண்டாள். அப்புறம் என் கணவர் பக்கம் திரும்பினாள். "சார், பாப்பா பகல்ல எவ்வளவு நேரம் தூங்கும்?"

"ஒன்றரை மணி நேரம். சாப்பிட்டதும் தூங்கிடுவா" என்றேன்.

"பாத்தீங்களாம்மா" என்றார் அவர் அவளிடம். "நானும் இந்த ஊட்டுல இன்னும் பேச ஆரம்பிக்கலீங்க. என்னையும் உங்க நோட்டுல எழுதிக்குங்க."

அவள் சிரிக்கவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டாள். டீ கொடுத்தேன். குடித்துவிட்டு ஆத்தூர் பஸ்ஸைப் பிடிக்கப் போனாள். அடுத்த சனிக்கிழமையும் வந்தாள். அன்றைக்குப் பேசவே கூடாது என்று முடிவு செய்திருந்தேன். ஆனால் குழந்தை பூனைப் படத்தையே பார்த்துக்கொண்டு சும்மா இருந்தபோது என்னால் முடியவில்லை. "மியாவ்னு கத்தும்ல, அது" என்றேன். அது பதில் இல்லை, குறிப்பு மட்டும்தான் என்று அவளுக்கு விளக்கவும் செய்தேன்.

திங்கட்கிழமை ரெக்கார்டு மேசைக்கு வந்தது. பேச்சு பற்றிய வரி மாறவில்லை. கீழே புதிதாக இன்னொரு வரி சேர்ந்திருந்தது. 'குழந்தையிடம் கேட்ட ஒன்பது கேள்விகளில் எட்டுக்குத் தாயே பதில் சொன்னார். ஒன்றுக்குக் குறிப்புக் கொடுத்தார்.'

அவளைக் கூப்பிட்டேன்.

"வெளியிலிருந்து வர்ற எக்ஸாமினர் பாக்குற ரெக்கார்டும்மா இது."

"தெரியும் மேம்."

"இப்படி எழுதலாமா?"

"நான் பார்த்தது அதுதான் மேம்." பிறகு, "பார்த்ததைத்தான் எழுதணும்னு நீங்க சொல்லிக்கொடுத்தீங்க மேம்" என்றாள். அதில் குத்தல் எதுவும் இல்லை. உண்மையாகவே சந்தேகம் கேட்கிற குரல்.

"இருக்கட்டும். நான் பாத்துட்டு சைன் பண்றேன்" என்று மேசை இழுப்பறைக்குள் வைத்தேன்.

கையெழுத்து இல்லாத ரெக்கார்டைத் தேர்வில் வைக்க முடியாது. வைக்காவிட்டால் அதற்கான மதிப்பெண் பூஜ்யம். இது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவள் மூன்று நாள் தொடர்ந்து வந்து கதவோரம் நின்றாள். "மேம், சைன்..." நான் மூன்று நாளும் "நாளைக்கு" என்றேன். நான் அவளைத் தண்டிக்கவில்லை, இன்னொரு முறை நிதானமாகப் படிக்கத்தான் வைத்திருக்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். இழுப்பறையைத் திறந்து படிக்கத்தான் தைரியம் வரவில்லை. கையெழுத்துப் போட்டால் என் மகளைப் பற்றிய அந்த வரிக்கு நானே சான்று கொடுத்ததாகிவிடும். போடாவிட்டால் பார்த்ததை எழுதிய ஒரே பெண்ணுக்குப் பூஜ்யம்.

இப்படியே தேர்வு நாளும் வந்துவிட்டது.

வேறொரு பல்கலைக்கழகத்திலிருந்து எக்ஸாமினர் வந்திருந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர், பருத்திப் புடவை, கழுத்தில் கயிற்றில் தொங்கும் கண்ணாடி. காலையில் வார்டில் தேர்வை முடித்துவிட்டுப் பிற்பகல் எங்கள் அறைக்கு ரெக்கார்டு பார்க்க வந்தார். வந்ததும் எண்ணினார்.

"பதினோரு பேரு, பத்து ரெக்கார்டு."

"ஒன்னுல கையெழுத்து பாக்கி மேம்."

"யாரோட கையெழுத்து?"

"என்னோடது."

கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். பிறகு பத்து ரெக்கார்டையும் ஒவ்வொன்றாகத் திறந்து, மேசையில் வரிசையாகப் பரப்பினார். கல்யாண வீட்டில் அப்பளம் காயவைத்த மாதிரி இருந்தது.

"உங்க ஊர்ல ஒரே நாள்ல பத்துக் குழந்தை பிறந்திருக்கு போல" என்றார். "பத்தும் பொண்ணு. ஒன்னு மட்டும் நடுவுல பையனா இருந்து திரும்பிப் பொண்ணாகியிருக்கு. பல்லு பன்னெண்டு, பதினாலு, இருபது. இந்தக் குழந்தை சைக்கிள் ஓட்டுது. இந்தக் குழந்தை படி ஏறவே மாட்டேங்குது." முதல் பக்கத்துக்கு வந்தார். விரலால் மேலேயும் கீழேயும் தொட்டார். "அம்மா கையெழுத்தும் டியூட்டர் கையெழுத்தும் ஒரே மாதிரி இருக்கே."

"நான்தான் மேம்."

"எது?"

"ரெண்டும்."

அவர் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். "அந்தப் பதினொன்னாவதை எடுங்க" என்றார்.

இழுப்பறை பாதி வந்து மாட்டிக்கொண்டது. இழுத்துத் திறந்து கொடுத்தேன். அவர் படித்தார். என் சிவப்பு மையைப் படித்தார், இரண்டு கோடுகளையும் பார்த்தார், கடைசி வரியையும் படித்தார். வெளியே காத்திருந்த ஆத்தூர் மாணவியை உள்ளே வரச் சொன்னார்.

"குழந்தை எங்க இருக்கு?" என்றார் என்னிடம்.

"பின்னால, காப்பகத்துல மேம்."

"கூட்டிட்டு வாங்க."

காப்பகத்துக்கு ஓடினேன். ஆயாம்மா, "இப்பத்தானுங்க தூங்கி எந்திரிச்சா, மொகங்கூடக் கழுவலீங்க" என்றார். கன்னத்தில் தலையணைக் கோடு பதிந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன். தூங்கி எழுந்ததும் ஒரு மணி நேரத்துக்கு அவள் யாரிடமும் போகமாட்டாள். வழியெல்லாம் அவள் காதில், "பூனை, பந்து, பூ" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். இது தேர்வுக்கு முன் வராந்தாவில் நின்று மனப்பாடம் செய்வதுபோல இருக்கிறதே என்று பாதி வழியில் தோன்றியது. ஆனாலும் நிறுத்தவில்லை.

மேசையில் உட்கார வைத்தேன். எக்ஸாமினர் அளவு நாடாவை எடுத்தார். அவர் விரிப்பதற்குள் என் மகள் இரண்டு கைகளையும் தூக்கினாள். மார்புச் சுற்றளவு எடுத்து முடித்ததும் தலையைக் குனிந்து கொடுத்தாள். டார்ச்சை அவர் கையில் எடுத்ததும், அது எரிவதற்கு முன்பே வாயைத் திறந்து 'ஆ' என்றாள். பிறகு இடது காது, வலது காது. யாரும் கேட்கவில்லை. கடைசியில் வலது காலை நீட்டி, பாதத்தைக் காட்டியபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். எக்ஸாமினர் அதைக் கவனிக்காமல் எழுதிக்கொண்டிருந்தார். அவள் காலை இறக்கவே இல்லை.

"பாதத்துல கோடு போட்டுப் பார்க்கணும் மேம்" என்றாள் ஆத்தூர் மாணவி மெதுவாக. "அதுவரைக்கும் இறக்காது."

எக்ஸாமினர் பேனாவின் பின்புறத்தால் பாதத்தில் ஒரு கோடு போட்டார். கால் இறங்கியது.

"இதுவரைக்கும் எத்தனை தடவை பார்த்திருக்கீங்க இவளை?"

"பதினோரு பேர் மேம்" என்றேன். "இவங்க மட்டும் மூணு தடவை. மொத்தம் பதிமூணு."

"எங்க மாணவிகளைவிட வரிசை சரியாத் தெரியுது இவளுக்கு" என்றார். அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ வந்து போனது. படம் போட்ட அட்டைகளை எடுத்தார்.

முதல் அட்டை பூனை. குழந்தையின் முன்னால் வைத்துவிட்டு அவர் பேசாமல் இருந்தார். அவளும் பேசவில்லை. என் உதடு தன்பாட்டுக்குக் குவிந்தது.

"நீங்க ஜன்னல் பக்கம் திரும்பி நில்லுங்க" என்றார் எக்ஸாமினர், என்னைப் பார்க்காமலே.

திரும்பி நின்றேன். வெளியே நிழலில் பேருந்து ஓட்டுநர்கள் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஒரு சீட்டை எடுத்தார், யோசித்தார், வைத்தார். இன்னொருவர் எடுத்தார். அறையில் ஒரு சத்தமும் இல்லை. இவ்வளவு நேரம் சும்மா இருந்த ஞாபகம் எனக்கு வாழ்க்கையில் இல்லை.

அப்போது பின்னாலிருந்து குரல் கேட்டது.

"இது என்ன?"

எக்ஸாமினர்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். ஆனால் குரல் சின்னது. இரண்டு சொல்லும் தனித்தனியாக, தெளிவாக, வகுப்பில் கேள்வி கேட்கிற அதே இழுப்போடு வந்தது. திரும்பிப் பார்த்தேன். ஜன்னல் பக்கமே நிற்கச் சொல்லியிருந்தார், தெரியும். என் மகள் பூனை அட்டையைக் கையில் எடுத்து, படம் எக்ஸாமினருக்குத் தெரியும்படி பிடித்துக்கொண்டிருந்தாள்.

"பூனை" என்றார் எக்ஸாமினர்.

"கரெக்ட்" என்றாள் அவள். அடுத்த அட்டையை எடுத்தாள். "இது என்ன?"

"பந்து."

"கரெக்ட்."

இப்படி ஐந்து அட்டை போயிற்று. எக்ஸாமினர் நாற்காலியில் நேராக உட்கார்ந்து, மாணவி போலவே பதில் சொன்னார். ஆறாவது அட்டை காக்கை. அவர் வேண்டுமென்றே, "நாய்" என்றார்.

என் மகள் அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். கொஞ்சம் பரிதாபமாகவே பார்த்தாள்.

"இல்ல. காக்கா" என்றாள்.

எனக்கு மூக்கு அடைத்துக்கொண்டது. ஆத்தூர் மாணவி தன் கைக்குட்டையை எடுத்து நீட்டினாள். வாங்கிக்கொண்டேன், வேறு வழியில்லை.

"பேச்சு கொஞ்சம் பின்னாலதான் இருக்கு" என்றார் எக்ஸாமினர். "இந்தப் பொண்ணு எழுதினது சரி. ஆனா வந்துட்டு இருக்கு. ஒரு தடவை காதைப் பரிசோதிச்சுக்கோங்க, ஆறு மாசம் கழிச்சுத் திரும்பப் பாருங்க. பயப்பட வேண்டியதில்ல."

"மேம், அது அவளா பேசுனதா, இல்ல இவங்க எல்லாரும் கேட்டதைக் கேட்டுப் பழகினதா?" என்றேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"எல்லாரும் கேட்டுப் பழகித்தாம்மா பேசுறோம். உங்ககிட்ட அவ கேட்டுப் பழகினது பதில் மட்டும்தான். இவங்ககிட்ட கேள்வி. அது அவளுக்குப் பிடிச்சிருக்கு." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "வீட்டுல ஏதாவது கேட்டா, கேட்டுட்டுப் பத்து எண்ணுங்க. மனசுக்குள்ள. வாயை மூடிட்டு."

பிறகு பதினொன்றாவது ரெக்கார்டை என் பக்கம் தள்ளினார். பேனாவை எடுத்தேன். முதலில் நான் எழுதிய சிவப்பு வரியை அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டேன். இரண்டு கோடுகளையும் தனித்தனியாக அடித்தேன். அப்புறம் கீழே 'சரிபார்த்த ஆசிரியை' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். என் மகளைப் பற்றி நான் கையெழுத்துப் போட்ட பதினொன்றில் அது ஒன்றுதான் உண்மை.

அவள் பக்கத்திலேயே நின்றிருந்தாள். "மேம்" என்றாள் தயங்கி. "நம்பகத்தன்மையை வேணா மாத்தட்டுமா?"

நான் என்ன சொல்கிறேன் என்று எக்ஸாமினர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேண்டாம்மா" என்றேன். "அப்படியே இருக்கட்டும்."

மற்ற பத்துப் பேரையும் உள்ளே கூப்பிட்டு, ஒவ்வொருத்தியையும் குழந்தையின் பல்லை எண்ணச் சொன்னார் எக்ஸாமினர். என் மகள் பத்து முறையும் சலிக்காமல் வாயைத் திறந்தாள். ஏழாவது மாணவி டார்ச்சை எடுக்க மறந்தபோது, அதை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். பத்துப் பேருக்கும் ரெக்கார்டு மதிப்பெண் குறைந்தது. எனக்கும் துறைத் தலைவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது: இனி ஒரு குழந்தை ஒரு மாணவிக்கு மட்டும். இந்த வருடம் வேறு குழந்தைகளைத் தேடி அலைந்துகொண்டிருக்கிறோம்.

அன்று காப்பகத்துக்குப் பையை எடுக்கப் போனபோது ஆயாம்மாவிடம், "இவ இன்னைக்கு இது என்னன்னு கேட்டா" என்றேன்.

"ஒரு வாரமா அதே கேள்விதானுங்களே" என்றார். "செவுத்துப் பல்லி, கொடியில காயற துணி, எம் மூக்குத்தி, ஒன்னையும் உடறதில்ல. நாந்தான் அப்பவே சொன்னனுங்களே, ஓயாத வாயுன்னு. நீங்கதான் கேக்கல, சாமி."

கேட்டேன், நம்பவில்லை என்று எப்படிச் சொல்வது? "நாளைக்குப் பார்க்கலாங்க" என்றேன்.

கல்லூரிப் பேருந்தில் எப்போதும்போல நடுவில் ஜன்னலோர இருக்கை. என் மடியில் அவள். அந்த நேரத்துப் பேருந்தில் வருகிறவர்கள் எல்லோரும் ஆசிரியர்கள். செவிலியம், மருந்தியல், பொறியியல் என்று எல்லாக் கல்லூரியிலிருந்தும். சிலர் கண்ணை மூடியிருந்தார்கள், சிலர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிக்னலில் நின்றபோது பக்கத்தில் ஒரு பெரிய ரிக் வண்டி வந்து நின்றது. குழாய்களை அடுக்கிக்கொண்டு, எங்கள் ஜன்னலையே மறைத்துக்கொண்டு.

என் மகள் எழுந்து நின்று கண்ணாடியில் விரலை வைத்தாள்.

"இது என்ன?"

வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். அவளே யோசிக்கட்டும். ஒன்று. இரண்டு. தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. மூன்று. நெஞ்சில் கையை வைத்துக்கொண்டேன். நான்கு.

"லாரி" என்றார் முன் இருக்கையிலிருந்து மருந்தியல் பேராசிரியர்.

"லாரி இல்ல, ரிக்கு. போர் போடற வண்டி சாமி" என்றார் பின்னாலிருந்து ஒரு பொறியியல்காரர்.

"ரெண்டும் ஒன்னுதானுங்களே, லாரி மேலதான் ரிக்கை மாட்டறாங்க" என்றார் கண்ணை மூடியிருந்தவர், கண்ணைத் திறக்காமலே.

என் மகள் மூன்று பேரையும் திரும்பிப் பார்த்தாள்.

"கரெக்ட்" என்றாள்.